பிரேக் பார்த்தாச்சு

மாப்பிள்ளை வாங்கிய லாரி எங்கள் வீட்டு முன்னால் வந்து நிற்பதற்கு முன்பே அதன் வாசனை வந்துவிட்டது. மீன் வாசனை. அதற்குப் பிறகுதான் வண்டி கண்ணுக்குத் தெரிந்தது. நீலப் பெயின்ட் புதிதாக அடித்திருந்தது. முன் கண்ணாடியில் மல்லிகைச் சரம். நம்பர் பலகையில் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்ததில் கடைசி இரண்டு எண்கள் மறைந்துபோயிருந்தன.

“வண்டி எப்படி இருக்கு மாமா?” என்று இறங்கி வந்து கேட்டார்.

“நல்லா இருக்கு மாப்பிள்ளை” என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் நாலு டயரும் மூன்று கம்பெனி டயர்கள் என்பதை எண்ணிவிட்டேன். அதில் இரண்டு வழுக்கை. சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. அவர் என் அக்கா மகன். பிறந்ததிலிருந்து என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறார். நானும் அவரை “ஏலே” என்றும், கோபம் வந்தால் அதைவிட மோசமாகவும் கூப்பிட்டு வளர்த்தவன்தான். என் மகளை அவர் கட்டிய அன்றைக்கு அது நின்றது. தாலி ஏறியபோது “ஏலே” போய் “வாங்க மாப்பிள்ளை” வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் மாமனார் மாப்பிள்ளையை நேருக்கு நேர் கேள்வி கேட்பதில்லை. ‘நீங்கள் செய்தது தப்பு’ என்பதை எந்த வடிவத்திலும் சொல்வதில்லை. கேட்க வேண்டியதை மகளிடம் சொன்னால் அவள் கேட்டுச் சொல்வாள். அவரும் பதிலை அவளிடம்தான் சொல்வார். மூவரும் ஒரே இடத்தில் நின்றாலும் இப்படித்தான்.

நான் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதி ஓய்வு பெற்றவன். மூட்டை எண்ணியே காலம் போனது. இப்போது பஸ்ஸில் ஏறினால் சீட்டை எண்ணுகிறேன், பந்தியில் உட்கார்ந்தால் இலையை எண்ணுகிறேன். எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் சோறு இறங்கும். மாப்பிள்ளை குடியிருக்கும் சந்து குறுகல் என்பதால் வண்டி என் வீட்டு முன்னால்தான் நிற்கும் என்று ஆனபோதே தெரிந்துவிட்டது, இனி எனக்குத் தூக்கம் இல்லை என்று.

அது தேவிபட்டினம் பக்கத்து மீன் வியாபாரி ஒருவர் வைத்திருந்த மினி லாரி. பல வருடம் ஐஸ் போட்ட மீன் பெட்டிகளைப் பரமக்குடிக்கும் அதற்கு அப்பாலும் கொண்டுபோன வண்டி. மாப்பிள்ளை வளைகுடா நாட்டில் ஒரு கம்பெனிக்கு லாரி ஓட்டியவர். அங்கே ஓட்டுவது மட்டும்தான் டிரைவர் வேலை. மற்றதெல்லாம் கம்பெனி ஷெட்டில் நடக்கும். சாவியைக் கொடுத்துவிட்டு வரலாம், மறுபடி வாங்கி ஓட்டலாம். ஸ்டியரிங்குக்கு மேலே உள்ளதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கீழே உள்ளதைத்தான் அவர் பார்த்ததில்லை. இப்போது சொந்த வண்டி. ஆள் வைக்கக் கட்டுப்படியாகாது என்பதால் லோடு ஏற்றி இறக்க என் மகளும் கூடவே போவதாக ஏற்பாடு. அதாவது அந்த வண்டியின் முன் சீட்டில் தினமும் இருவர். இரண்டு பேரும் என் ஆட்கள்.

முதல் வேலை வாசனையை எடுப்பது. எங்கள் ஊர் சரக்கு நெல்லும் மிளகாய் வத்தலும். மீன் வாசனை அடிக்கிற வண்டியில் அதை யார் ஏற்றுவார்கள்? மகள் புளியைக் கரைத்துத் தேய்த்தாள். மாப்பிள்ளை போர் குழாயை வண்டியின் அடியில் விட்டுப் பீய்ச்சிக்கொண்டிருந்தார். எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. அவ்வளவு உப்பு.

“ஏத்தா, போர் தண்ணிய இரும்புல அடிக்க வேணாம்னு சொல்லு” என்றேன்.

மாப்பிள்ளை பத்தடி தூரத்தில்தான் நின்றார்.

“இந்தாங்க, போர் தண்ணிய அடிக்க வேணாம்னு அய்யா சொல்றாக.”

“ஊருணித் தண்ணிய அள்ளி வண்டி கழுவுனா ஊரு சும்மா விடுமான்னு கேளு.”

“அய்யா, ஊரு சும்மா விடுமான்னு கேக்குறாக.”

“எனக்குக் காது கேக்குதுத்தா.”

“கேக்குதுல்ல? அப்ப நீங்க ரெண்டு பேருமே பேசிக்கங்களேன். போன் கம்பெனிக்காரன்கூட இதுக்குக் காசு வாங்குவான், எனக்கு ஒரு டீ கூடக் கிடையாது.”

மாப்பிள்ளை சிரித்தார். நானும் சிரித்தேன். தண்ணீர் அடியில் போய்க்கொண்டேயிருந்தது.

அவர் வீட்டுக்குப் போன பிறகு வண்டியைச் சுற்றி வருவது என் வழக்கமாகிவிட்டது. சேஸிஸ் மேல் பாடியை இறுக்கும் போல்ட்டுகள் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது இருந்தன. மிச்ச மூன்று இடத்தில் கட்டுக்கம்பி. பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் இடப்புறம் ஏழு, வலப்புறம் ஆறு. அந்த ஆறிலும் ஒன்றில் கீறல். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் மீன் செதில் உதிர்ந்தது. இன்ஜின் ஆயிலை அளவுக் குச்சியில் தொட்டுப் பார்த்தேன். தார் மாதிரி இருந்தது. ஒவ்வொன்றையும் மகளிடம் சொன்னேன். ஒவ்வொன்றையும் அவள் கொண்டுபோய்ச் சேர்த்தாள், அவளுக்கே உரிய முறையில்.

“அய்யா இன்னைக்கு வண்டிக்கு எக்ஸ்ரே எடுத்துட்டாக. மூணு எலும்பு இல்லையாம்.”

அவர் கோபப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வாரமும் ராமநாதபுரம் புறவழிச் சாலையில் உள்ள ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுபோனார். முன்பு வைத்திருந்தவர் வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டதையெல்லாம் இவர் ஒரே மூச்சில் செய்ய வேண்டியிருந்தது. ஒன்றைக் கழற்றினால் அதற்குப் பின்னால் இன்னொன்று கெட்டிருந்தது. ஒருநாள் சாயங்காலம் வந்து கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து, என் மகளைப் பார்த்தபடி எனக்குக் கேட்கும்படி சொன்னார்:

“ஆயில் மாத்தியாச்சு. டயர் ரெண்டு மாத்தியாச்சு. பட்டை புதுசு போட்டாச்சு. போல்ட்டு பன்னெண்டும் போட்டாச்சு. உங்க அய்யாவ எண்ணிக்கிறச் சொல்லு.”

நான் மகளைப் பார்த்தேன். அவள் புரிந்துகொண்டாள்.

“பிரேக்கு?”

“பாத்தாச்சு.”

அவள் காப்பி எடுக்க உள்ளே போய்விட்டாள். நான் அந்த வார்த்தையோடு உட்கார்ந்திருந்தேன்.

ஒர்க்‌ஷாப்காரர்களுக்கு ‘பார்ப்பது’ என்றால் வேலை செய்வது. நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்துவது டிங்கர் பார்ப்பது. பள்ளத்தில் பசை பூசித் தேய்ப்பது பட்டி பார்ப்பது. இன்ஜின் பார்த்தாச்சு என்றால் பிரித்து மாட்டியாகிவிட்டது என்று பொருள். ஆனால் பெண் பார்த்தாச்சு என்றால் கல்யாணம் முடிந்தது என்று யாராவது சொல்வார்களா? பஜ்ஜி தின்றுவிட்டு வந்தார்கள் என்றுதான் அர்த்தம். மற்ற எல்லாவற்றுக்கும் ‘மாத்தியாச்சு’, ‘போட்டாச்சு’ என்று சொன்னவர் பிரேக்குக்கு மட்டும் ‘பாத்தாச்சு’ என்றார். எந்தப் பார்த்தாச்சு? கண்ணால் பார்த்ததா, கையால் பார்த்ததா?

இதைக் கேட்க ஒரு வரி போதும். மகளை அடுப்படியில் பிடித்தேன்.

“பாத்தாச்சுன்னா என்னத்தா? ஏதும் மாத்துனாகளான்னு கேளேன்.”

“அய்யா, வேணாம். மத்தியானம் சோறு திங்காம அந்த மெக்கானிக் கூடவே நின்னுட்டு வந்திருக்காக. இப்பப் போய் இன்னொன்னு கேட்டா என் மேலதான் விழும்.”

“ஒரே கேள்விதான்.”

“உங்களுக்கு எப்பவும் ஒரே கேள்விதான். அது முடியவே முடியாது.”

மாப்பிள்ளை ஏமாற்றுகிறவர் இல்லை. வண்டியை விற்றவரும் ‘பிரேக் பார்த்தாச்சு’ என்று சொல்லியே கொடுத்திருந்தார் என்பதும் எனக்குத் தெரியும். ஒரே வார்த்தை இரண்டு கை மாறி வந்திருக்கிறது. நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

அதன் பிறகு பிரேக் ஆயில் டப்பாவைக் கவனிக்கத் தொடங்கினேன். இன்ஜின் பக்கத்தில் வெள்ளை பிளாஸ்டிக்கில் ஒரு சிறு டப்பா. அதன் மேல் இரண்டு கோடுகள். ஆயில் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். தை பிறந்த வாரத்தில் அது கீழ்க்கோட்டுக்கு வந்திருந்தது. மாப்பிள்ளை ஒரு பாட்டில் வாங்கி வந்து ஊற்றினார். அதன் பிறகு வண்டி இரண்டு முறைதான் வெளியே போனது. மறுபடி கீழ்க்கோடு. மறுபடி ஊற்றினார். இருப்புக் கணக்கு எழுதிய யாரும் இதைச் சும்மா விடமாட்டார்கள். உள்ளே போனது இருப்பில் இல்லை என்றால் எங்கேயோ வெளியே போகிறது. கிட்டங்கியில் மூட்டை குறைந்தால் திருடனைத் தேடலாம். இதில் யாரைத் தேடுவது?

இந்தச் சமயத்தில்தான் முதல் வாடகை வந்தது. ராமேஸ்வரத்தில் யாத்திரிகர்களுக்குச் சோறு போடும் ஒரு சத்திரத்துக்குத் தை அமாவாசைக்கு முதல் நாள் அறுபது சிப்பம் அரிசி கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒரு சிப்பம் இருபத்தைந்து கிலோ. ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் மாதா மாதம் அவர்களே கூப்பிடுவார்கள் என்று மில்காரர் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை முகத்தில் நான் அவ்வளவு வெளிச்சத்தைப் பார்த்து நாளாகியிருந்தது.

அன்று காலையில் அவர் வருவதற்கு முன்பே நான் வண்டிக்கு அடியில் குனிந்தேன். பின்பக்க இடது டயரின் உட்புறம் ஈரமாக ஒரு கோடு இறங்கியிருந்தது. விரலால் தொட்டேன். தண்ணீர் இல்லை. தேங்காய் எண்ணெய் மாதிரி வழுக்கியது. முகர்ந்து பார்த்தேன். புளியும் மீனும் சோப்பும் கலந்து அடித்ததில் ஒன்றும் பிடிபடவில்லை.

“என்ன மாமா தேடுறீக?”

மாப்பிள்ளை பின்னால் நின்றார். குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, வெள்ளைச் சட்டையில்.

“செருப்ப” என்றேன்.

“செருப்பு உங்க கால்லதான மாமா இருக்கு.”

நான் என் காலைப் பார்த்தேன். “ஆமா” என்றேன். அதோடு அவர் மேலே ஏறி வண்டியைக் கிளப்பிவிட்டார். மகள் தூக்குச் சட்டியும் தண்ணீர் பாட்டிலுமாக வந்தாள். அவள் ஒரு காலைப் படியில் வைத்தபோது அவள் கையிலிருந்த தூக்கை வாங்கிக்கொண்டேன்.

“நான் போறேன். நீ இரு.”

“நீங்களா? சிப்பத்த யாரு எறக்குறது?”

“சத்திரத்துல ஆளு இருக்கும். எண்ணிக்கை விட்டுரக் கூடாது பாரு. மொத வாடகை.”

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். மாப்பிள்ளை உள்ளேயிருந்து சொன்னார்: “வரட்டும் விடு. கடல்ல அலை எத்தனைன்னு எண்ணிட்டு வரட்டும்.”

அவளை அந்தச் சீட்டில் ஏறவிடவில்லை. அதற்கு மேல் என்னால் செய்ய முடியவில்லை. ஒரு கேள்வி கேட்பதைவிட நானே ஏறி உட்கார்வது சுலபமாக இருந்தது.

மில்லில் அறுபது சிப்பமும் ஏறின. நான் எண்ணினேன். சுமையோடு வண்டி ராமநாதபுரத்தைத் தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. உச்சிப்புளிக்கு முன்னால் ஆடுகள் குறுக்கே வந்தன. மாப்பிள்ளை பிரேக்கை மிதித்தார், விட்டார், மறுபடி மிதித்தார். வண்டி நின்றது. இரண்டு மிதி. அதன் பிறகு நான் சாலையைப் பார்க்கவில்லை. அவர் வலது காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சிப்புளி கடைத்தெருவில் இரண்டு மிதி. அதைத் தாண்டி ஒரு டூரிஸ்ட் வேன் ஒடித்துத் திரும்பியபோது இரண்டரை. இரண்டரை என்றால், மூன்றாவது மிதி பாதியில் பிடித்தது.

“பெடல் கொஞ்சம் தாராளமா இருக்கோ, மாப்பிள்ளை?” என்று பொதுவாகக் காற்றைப் பார்த்துக் கேட்பதுபோலக் கேட்டேன்.

“பழைய வண்டி மாமா. அப்படித்தான் இருக்கும். பழகிரும்.”

பேச்சு முடிந்துவிட்டது. மண்டபம் நெருங்கியது. சாலையில் அன்று பெருங்கூட்டம். மதுரை, தேனி, கேரளா என்று எங்கெங்கோ இருந்து வேனும் பஸ்ஸும். எல்லாம் ஒரே பக்கமாகப் போகின்றன. அதற்கு அப்பால் பாம்பன் பாலம். கடல் மேல் ஏறி, நடுவில் உயர்ந்து, அந்தப் பக்கம் இறங்குகிற பாலம். அதன் உச்சியில் எப்போதும் வண்டியை ஓரம்கட்டிவிட்டு ஜனங்கள் கைப்பிடிச் சுவரோரம் நின்று படம் பிடிப்பார்கள், பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுவார்கள். நாளைக்கு அமாவாசை. எத்தனை பேர் நிற்பார்கள்? ஆயிரத்து ஐந்நூறு கிலோ அரிசியோடு அந்த இறக்கத்தில் மூன்றாவது மிதியும் பிடிக்காமல் போனால்?

இதைப் பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்ல வேண்டியதுதானே என்று படிப்பவர்கள் நினைக்கலாம். நான் செய்தது இது: ஜன்னல் பக்கம் திரும்பி, செல்போனை எடுத்து, வீட்டில் இருந்த மகளைக் கூப்பிட்டேன்.

“ஏத்தா, மாப்பிள்ளைட்ட ஒண்ணு கேக்கணும். பெடல மூணு தடவ மிதிக்கிறாக. பாலத்துக்கு முன்னாடி நிறுத்திப் பாக்கச் சொல்லு.”

“அவுக எங்க?”

“இங்கனதான். பக்கத்துல.”

அவள் என்னவோ சொல்லிவிட்டு வைத்தாள். அடுத்த நொடியில் மாப்பிள்ளையின் போன் கண்ணாடிக்குக் கீழே அதிர்ந்து நகர்ந்து பாடத் தொடங்கியது. அவள் அவரைக் கூப்பிடுகிறாள். கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் பேசிப் பழகிய விதம் அப்படி. போன் சரிந்து விழப்போனது. அவர் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து அதைப் பிடிக்கக் குனிந்தார். முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்ற நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் மடியில் குழந்தை. அதன் கண்மை வரை எனக்குத் தெரிந்தது.

“ஏலே! நிறுத்துலே வண்டிய!”

என் குரல்தான். அவர் நிமிர்ந்தார். மிதித்தார். மூன்று, நாலு, ஐந்து. பெடல் தகரம் தகரத்தில் இடிக்கிற மாதிரி அடியில் போய் இடித்தது. வண்டி நிற்கவில்லை. அவர் கியரைக் கீழே இழுத்தார். இன்ஜின் அலறியது. இன்னொரு கியர். இடது பக்கம் ஒடித்து, கை பிரேக்கை முழுப் பலத்தோடு தூக்கினார். ஆட்டோவை ஒரு முழம் விட்டு உரசாமல் தாண்டி, சாலையோர மணலில் இறங்கி, கருவேலம் புதரில் மூக்கை நுழைத்து வண்டி நின்றது. பின்னால் சிப்பங்கள் ஒன்றோடொன்று மோதிச் சரிந்தன. கொஞ்ச நேரம் இன்ஜின் சூட்டில் இலை கருகும் வாசனை மட்டும் இருந்தது.

போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

“எடுத்துச் சொல்லுங்க மாமா. நின்னுருச்சுன்னு சொல்லுங்க.”

சொன்னேன். என்ன நின்றது என்று அவள் கேட்டாள். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்தேன். எதிர்ப்பக்க டீக்கடையிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். “பெரியவரு போட்ட சத்தத்துல எங்க பாய்லரே நின்னுருச்சுய்யா” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. வெள்ளைச் சட்டையோடு மணலில் மல்லாந்து வண்டிக்கு அடியில் போனார். நானும் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

“எதப் பாத்தீக மாப்பிள்ளை?” என்றேன். மாப்பிள்ளை ஆன பிறகு அவர் முகத்தைப் பார்த்து நான் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“பிரேக் லைனர் பாத்தேன். டிரம்மக் கழத்திப் பாத்தேன். தேய்மானம் இல்ல. மெக்கானிக்கும் போதும்னாரு.” அவர் சாவியால், பின் சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகும் மெல்லிய குழாயைச் சுரண்டினார். கறுப்புப் பெயின்ட் உரிந்தது. அதற்கு அடியில் பட்டி. அதற்கும் அடியில் இரும்பு துருவேறி, கருவாட்டுத் தோல் மாதிரி ஏடு ஏடாக விழுந்தது. கடைசி ஏடு விழுந்த இடத்தில் ஆயில் சொட்டியது. “இத யாரும் பாக்கல.”

“ரெண்டு தடவ ஆயில் ஊத்துனீக.”

தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். “அதப் பாத்தீகளா?”

“பாத்தேன். காலையில டயர்ல வழிஞ்சிருந்ததையும் பாத்தேன்.”

“ஏலேன்னு கூப்பிட வாய் வருது. குழாய் ஒழுகுதுன்னு சொல்ல வரல, இல்ல?”

டீக்கடைக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மண்டபத்திலிருந்து ஒரு மெக்கானிக் பைக்கில் வந்தார். வாய் ஓயாத மனிதர். குனிந்து பார்த்த உடனே ஆரம்பித்தார்:

“மீன் வண்டியாண்ணே? ஐஸ் தண்ணி பூராம் இந்தக் குழா மேலதான் ஒழுகும். இங்கன எல்லாப் பயலும் இப்படித்தான், பட்டி பாத்து, கறுப்பு அடிச்சு, கடல் தெரியாத உள்நாட்டு ஆளு தலையில கட்டிருவான். நீங்க வண்டி வாங்கல, நங்கூரம் வாங்கியிருக்கீக. வாங்கிட்டு வந்து உப்புத் தண்ணியில வேற கழுவியிருப்பீகளே?”

மாப்பிள்ளையும் நானும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தோம்.

மெக்கானிக் புதுக் குழாயை வளைத்து அந்த ஒரு சக்கரத்துக்கு மாட்டினார். அதற்குள் அவருக்கு நாலு போன். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் நிற்கிறதாம். “காத்து எடுக்கணும். அதுக்கு ரெண்டு ஆளு போதும், நீங்களே எடுத்துருவீக. பெடல் கல்லு மாதிரி ஆகுற வரைக்கும் விடாதீக” என்று ஸ்பானரை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, கூலியை அப்புறம் டீக்கடையில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போய்விட்டார்.

குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றுகிற வேலை அது. மேலே ஒருவர் பெடலை மிதித்து, அப்படியே அழுத்திப் பிடிக்க வேண்டும். கீழே ஒருவர் சக்கரத்தின் பின்னால் உள்ள சிறு திருகைத் திறப்பார். காற்றும் ஆயிலும் சீறி வரும். அவர் திருகை மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்க வேண்டும். முன்னால் எடுத்தால் வெளியே போன காற்று மறுபடி உள்ளே போய்விடும்.

வாழ்க்கையில் முதன்முறையாக டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கால் பெடலுக்கு எட்ட நுனியில் உட்கார வேண்டியிருந்தது.

“மிதிங்க மாமா” என்று அடியிலிருந்து குரல் வந்தது. “இன்னொரு தடவ மிதிங்க. இப்பப் பிடிச்சுக்கங்க. விட்டுறாதீக.”

கீழே சீறும் சத்தம் கேட்டது. என் காலுக்கு அடியில் பெடல் சட்டென்று ஆழத்தில் இறங்கியது. விழுந்துவிடுவேன் என்று பயந்து காலை எடுத்துவிட்டேன்.

“யோவ்! விடாதன்னா விடாத!”

டீக்கடைப் பக்கம் ஒருவர் இருமினார். நான் காலை மறுபடி வைத்தேன்.

“மிதி” என்றார். “மிதி. மிதி. பிடி.”

பிடித்தேன்.

“ம். விடு.”

அப்படியே போனது. இருபது வரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது, கவலைப்படவில்லை. “பெரியவரே, எறங்குங்க, நான் மிதிக்கிறேன்” என்று ஒரு இளவட்டம் வந்தான். வேண்டாம் என்றேன். ஒவ்வொரு மிதிக்கும் பெடல் கொஞ்சம் மேலேயே நின்றது. பாதி ஆழம், கால் ஆழம். கடைசியில் இரண்டு விரல் இறங்கியதும் சுவரில் மோதின மாதிரி நின்றது. உடம்பின் பாரம் முழுவதையும் போட்டேன். அசையவில்லை.

மாப்பிள்ளை வெளியே வந்தார். தலைமுடியில் மணல், சட்டையில் ஆயில். நான் நகர்ந்து இடம் விட, அவர் ஏறி உட்கார்ந்து ஒருமுறை மிதித்துக் காலை எடுக்காமல் வைத்திருந்தார். தூரத்தில் பாலத்தின் ஏற்றம் தெரிந்தது. அதன் மேல் எறும்பு வரிசை போல வண்டிகள்.

“நல்லா நிக்குது. போயிரலாம்ல மாப்பிள்ளை?” என்றேன். அவருடைய முதல் வாடகை என்பதால்தான் அப்படிச் சொன்னேன்.

“மத்த மூணு சக்கரத்துக் குழாயும் இதே ஐஸ் தண்ணியில நனைஞ்சதுதான் மாமா. இதோட ஏற வேணாம்.”

சத்திரத்துக்கு அவரே போன் போட்டார். இரண்டு லோடு ஆட்டோ பிடித்து, அங்கேயே சிப்பங்களை மாற்றினோம். டீக்கடைக்காரர்கள் கைகொடுத்தார்கள். ஆட்டோ வாடகையில் எங்கள் வாடகை போனது. சத்திரத்துக்காரர் இனிமேல் கூப்பிடுவாரா என்பது போனில் பேசிய தோரணையில் தெரியவில்லை. ஆட்டோக்கள் பாலத்தில் ஏறி மறைகிற வரை மாப்பிள்ளை இடுப்பில் கை வைத்தபடி நின்றார். பிறகு வெறும் வண்டியைப் புதரிலிருந்து பின்னால் எடுத்து, ராமநாதபுரம் பக்கமாகத் திருப்பினார். இரண்டாவது கியரைத் தாண்டவில்லை. ஒவ்வொரு நூறு அடிக்கும் பிரேக்கை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன.

உச்சிப்புளி கடைத்தெருவும் வந்துவிட்டது. மாப்பிள்ளை சாலையைப் பார்த்தபடியே கேட்டார்:

“வேற என்னென்ன பாத்து வச்சிருக்கீக?”

“ஸ்டியரிங் கொஞ்சம் எடது பக்கம் இழுக்குது. கதவுப் பூட்டு உள்ளேயிருந்து தெறக்கல. ரேடியேட்டர் ஹோஸ் உப்பி நிக்கிது...”

“மெதுவாச் சொல்லுங்க” என்றார். “ஒவ்வொண்ணாச் சொல்லுங்க.”